பார்த்துட்டுப் போறவன் பள்ளம் தோண்டாமப் போவானா?



மல்லாட்டை விலை, கரும்புப் பாக்கி, கமிட்டியில் நெல் மூட்டையை இறக்கிவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடப்பது – இதைப் பற்றித்தான் நம் சங்கம் வழக்கமாக நோட்டீஸ் போடும். இந்தத் தடவை வேற விஷயம். பூமிக்கு அடியில் எண்ணெய் தேடுகிற விஷயம்.

"நமக்கும் எண்ணெய்க்கும் என்னய்யா சம்பந்தம்? நம்ம ஊர்ல பத்தடி தோண்டினா பாறை வருது" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த நோட்டீஸ். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா வீட்டுக் கழனியில் நடந்தது

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமம். 1998 தை மாசம். பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சம்பா அறுப்புக்கு நிற்கிறது. மாமாவோடு கழனிக்குப் போனால், நெல்லுக்கு நடுவில் வரிசையாகச் சிவப்புக் கொடி குத்தியிருக்கிறது. வரப்பு மேலே கறுப்பு வயர் ஓடுகிறது. ஏழெட்டுப் பேர் இரும்புக் குழாயை நிறுத்தி, வாய்க்கால் தண்ணியை மோட்டார் வைத்து இறைத்து, துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன தம்பி இது? யாரைக் கேட்டு இறங்கினீங்க?" என்று மாமா கேட்டார். தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன் சொன்னான்: "சும்மா டெஸ்ட்தான் பெரியவரே. பார்த்துட்டுப் போயிடுவோம்."

துளைக்குள் மருந்தை இறக்கினார்கள். மண்ணைப் போட்டு அடைத்தார்கள். எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னார்கள். தொப்பென்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே பூமி ஒரு உதறு உதறியது. சேறும் தண்ணியும் ஆள் உயரத்துக்குக் கிளம்பி நெற்கதிர் மேலே விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த கொடிக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். 300 ரூபாய் எடுத்து வைத்தார். ஒரு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து கேட்டார். மாமா கை நாட்டு வைக்கப் போனார். நான் வாங்கிப் படித்தேன். 'முழு மனதோடு பெற்றுக்கொண்டேன், இனிமேல் எந்த நஷ்டத்துக்கும் உரிமை கோரமாட்டேன்' என்று இருந்தது. மாமாவுக்குச் சொன்னேன். "போவட்டும் மாப்ளே, டெஸ்ட்தானே, பொங்கல் நாளும் அதுவுமா எதுக்கு வம்பு" என்று நாட்டு வைத்துவிட்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்றைக்கும் எனக்கு உண்டு.

அந்த ஐப்பசி மழையில், சரியாக மூடாத துளை உள்வாங்கியது. உழவு மாட்டின் கால் அதில் இறங்கி முறிந்தது. எங்கே போய்க் கேட்பது? கொடியும் இல்லை, வண்டியும் இல்லை, தொப்பிக்காரப் பையனும் இல்லை. நாட்டு வைத்த காகிதம் மட்டும் அவர்களிடம் இருக்கிறது. மூணு வருஷம் கழித்துப் பக்கத்து ஊரில் கழனியை மேடாக்கி ரோடு போட்டார்கள். கம்பி வேலி வந்தது. உயரமாக இரும்புக் கோபுரம் வந்தது. "எங்க ஊர்ல எண்ணெய் இருக்குன்னு இவனுங்களுக்கு யார் சொன்னது?" என்று ஜனங்கள் கேட்டார்கள். யார் சொன்னது? மாமா கழனியில் போட்ட வெடிதான் சொன்னது!

அந்தக் கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. கம்பெனி எதுவானாலும் கதை ஒண்ணுதான்.

தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பது மாதிரி

இந்த வேலைக்கு நில அதிர்வு ஆய்வு என்று பெயர். ஜனங்கள் 'வெடி சர்வே' என்பார்கள். திண்டிவனம் ரோட்டோரத்தில் தர்பூசணி வாங்கும்போது என்ன செய்கிறோம்? அறுத்தா பார்க்கிறோம்? விரலால் தட்டுகிறோம். சத்தத்தை வைத்துப் பழுத்ததா, காயா என்று சொல்கிறோம். பூமியையும் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

துளை போட்டு வெடி வைப்பது ஒரு முறை. கனமான வைப்ரேட்டர் லாரியைக் கொண்டுவந்து, அதன் அடியில் இருக்கிற இரும்புத் தகட்டைத் தரையில் அழுத்திப் பூமியை அதிர வைப்பது இன்னொரு முறை. அந்த அதிர்வு கீழே போகும். மண் மாறி மணற்பாறை வரும் இடத்தில் கொஞ்சம் திரும்பி வரும். மணற்பாறை மாறிச் சுண்ணாம்புப் பாறை வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் திரும்பி வரும். திரும்பி வருகிற அதிர்வைப் பிடிக்கத்தான் ஜியோபோன் என்கிற சின்னச் சின்னக் கருவிகளைக் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாகக் குத்தி வைக்கிறார்கள். எத்தனை நொடியில் திரும்பியது என்று கம்ப்யூட்டர் வண்டி பதிவு செய்யும். அதைக் கணக்குப் போட்டால், பல கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் அடுக்கு அடுக்காகப் படம் கிடைக்கும். ஒரே கோட்டில் போனால் அது 2டி. மீன்வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஊரையே வளைத்தால் அது 3டி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "சர்வே வெடி வெடித்தால் ஊரே எரிந்துபோகும், கிணறெல்லாம் எண்ணெயாக மாறிவிடும்" என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது உண்மையில்லை. பொய் சொல்லிப் போராட வேண்டிய அவசியம் நமக்கில்லை. இந்த வெடி கல்குவாரியில் வைக்கிற வெடியைவிடச் சின்னது. ஆனால் கல்குவாரிப் பக்கம் குடியிருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒன்று தெரியும். சின்ன வெடியோ பெரிய வெடியோ, எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டி, பழைய கல் கிணற்றை ஒட்டி, போர் குழாயை ஒட்டி வைத்தால் நஷ்டம் வரும். மூடாத துளை ஆபத்து. வெடிக்காமல் உள்ளேயே நின்றுவிட்ட மருந்து அதைவிட ஆபத்து. வெட்டிய வரப்பு, மிதித்த பயிர், அடைபட்ட வாய்க்கால் – இது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம்.

ஆனால் இந்த நோட்டீஸ் அந்த 300 ரூபாய் நஷ்டத்துக்காகப் போட்டது இல்லை. தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிறவன் எதற்குத் தட்டுகிறான்? பழுத்திருந்தால் அறுக்கத்தானே! பொழுது போகவில்லை என்று யாராவது கோடிக்கணக்கில் செலவு செய்து பூமியைத் தட்டுவார்களா?

செஞ்சியில் பாறை – சரி, கிழக்கே என்ன?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி – நம் கோட்டை மலைகளைப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சிக் கோட்டையையும் சேர்த்தார்கள். அந்தக் கல் நூறு கோடி ஆண்டுக்கும் மூத்தது. அதில் எண்ணெய் பிறக்காது. எண்ணெய் பிறக்க வேண்டுமென்றால் கடல் வந்து நின்றிருக்க வேண்டும். கடலில் செத்த சின்ன உயிர்கள் சேற்றில் புதைய வேண்டும். அதற்கு மேலே வண்டல் கிலோமீட்டர் கணக்கில் படிந்து, கோடிக்கணக்கான வருஷம் சூட்டில் வேக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு வண்டல் படுகை என்று பெயர். இந்தியாவில் 26 வண்டல் படுகைகள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று காவிரிப் படுகை.

காவிரிப் படுகை என்றால் தஞ்சாவூர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை! அது ராமநாதபுரத்தில் இருந்து புதுச்சேரி வரைக்கும், கரையிலும் கடலுக்குள்ளேயும் நீண்டு கிடக்கிறது. அதன் வடக்குப் பகுதிக்கு 'அரியலூர் – புதுச்சேரி உட்படுகை' என்றே பெயர். அது நம் விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தைத் தொடுகிறது.

சாட்சி வேண்டுமா? திருவக்கரை வக்கிரகாளி அம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போகிற நம் பெண்களைக் கேளுங்கள். அங்கே கல்லாக மாறிய மரங்கள் சுற்றிலும் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டு பழசு என்று புவியியல் துறை போர்டு வைத்துப் பாதுகாக்கிறது. மரம் எப்படிக் கல்லாகும்? பழைய ஆறு அடித்துக்கொண்டு வந்த மணலில் புதைந்து, அந்த மணலே பாறையாகியது. நம் ஊர்க் கருங்கல் அங்கே போகப் போகக் கீழே இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே வண்டல் அடுக்கு ஏறிவிடுகிறது.

இப்போது நம் ஆற்றைப் பாருங்கள். செஞ்சி ஆறு என்றும் சங்கராபரணி என்றும் சொல்கிறோம். நம் மலைப்பக்கத்து மழைத்தண்ணிதான் அது. தொண்டியாற்றோடு சேர்ந்து வீடூர் அணைக்குப் போகிறது. அங்கே 3,200 ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்காரர்களுடையது. பிறகு திருவக்கரை வழியாகப் போய், புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. பாறையில் ஓடுகிற வரைக்கும் தண்ணி மேலே ஓடும். வண்டலில் காலை வைத்ததும் உள்ளே இறங்கும். வானூர் மணற்பாறை, கடலூர் மணற்பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்குகள்தான் வானூர், மரக்காணம், புதுச்சேரி ஜனங்களின் தண்ணித் தொட்டி. ஏற்கெனவே போர் போட்டு உறிஞ்சி, கரையோரம் உப்புத் தண்ணி உள்ளே வந்துகொண்டிருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவன் அந்தத் தண்ணித் தொட்டியைத் துளைத்துக்கொண்டுதான் அதற்குக் கீழே போக வேண்டும்.

என் மகளைக் கொடுத்திருப்பது வானூர் பக்கம். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு இருக்கிறது! மேலே இருக்கிறவன் 'என் ஊர்ல பாறை' என்று சும்மா இருந்தால், கீழே இருக்கிறவன் பிள்ளை உப்புத் தண்ணி குடிக்கும். அந்தப் பிள்ளை நம் பேரப்பிள்ளை!

ஆய்வு என்பது முதல் படி – ஏணியை முழுசாகப் பாருங்கள்

"ஆய்வுதானே, எடுக்கவா போறாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு, நடந்ததை வருஷத்தோடு சொல்கிறேன்.

2016 மார்ச்: மத்திய அரசு புதிய ஹைட்ரோகார்பன் உரிமக் கொள்கையைக் கொண்டுவந்தது. முன்பு எண்ணெய்க்கு ஒரு உரிமம், நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒரு உரிமம். இனி எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம்.

2016 அக்டோபர்: தேசிய நில அதிர்வு ஆய்வுத் திட்டம் ஒடிசாவில் தொடங்கியது. நாடு முழுவதும் 26 படுகைகளிலும் 48,243 கிலோமீட்டர் நீளத்துக்கு 2டி சர்வே.

2017 ஜூன்: இந்தத் தகவலையெல்லாம் கொட்டி வைக்க நொய்டாவில் தேசியத் தகவல் களஞ்சியம் திறந்தார்கள். கம்பெனிக்காரன் அங்கே படத்தைப் பார்த்து, 'இந்த இடம் எனக்கு' என்று தானே கோடு போட்டுக் கேட்கலாம். அதுதான் திறந்தவெளி உரிமக் கொள்கை.

2018 அக்டோபர்: முதல் சுற்றில் 55 வட்டாரங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் 41 ஒரே கம்பெனிக்கு – வேதாந்தாவுக்கு. அந்த 41-ல் தமிழ்நாட்டுக் கரையில் இரண்டு. ஒன்று பரங்கிப்பேட்டையில் இருந்து வேளாங்கண்ணி வரை 2,574 சதுர கிலோமீட்டர். இன்னொன்று எங்கே ஆரம்பித்தது தெரியுமா? நம் மாவட்டம் மரக்காணத்தில்! அங்கிருந்து கடலூர் வரை, கடலும் கரையும் சேர்ந்து 1,794 சதுர கிலோமீட்டர்.

பார்த்தீர்களா ஏணியை? முதல் படி சர்வே. இரண்டாவது படி அந்தச் சர்வேயை அலமாரியில் வைத்துக் கம்பெனிக்குக் காட்டுவது. மூன்றாவது படி ஒப்பந்தம். நான்காவது படி சோதனைக் கிணறு. ஐந்தாவது படி குழாய், வேலி, போலீஸ்.

நம் கழனியில் வெடி வைத்து எடுத்த படம் நொய்டாவில் இருக்கிறது. கம்பெனிக்காரன் பார்க்கிறான். கழனிக்காரன் பார்த்தானா? பஞ்சாயத்துத் தலைவர் பார்த்தாரா? பத்து நாள் விருந்தாளி மாதிரி வந்தவன் நம் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வரைபடம் போட்டு எடுத்துப் போய்விட்டான். வீட்டுக்காரனுக்கு ஒரு நகல் கூடக் கிடையாது. இது என்ன நியாயம்?

2019 ஜூனில் மரக்காணத்தில் இருந்து ராமேஸ்வரம் வரை மனிதச் சங்கிலியாக ஜனங்கள் கைகோத்து நின்றார்கள். புதுச்சேரியில் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமியே இந்தத் திட்டம் வேண்டாம் என்றார். அப்படி ஊர் திரண்டதால்தான் பேச்சாவது நின்றது.

மேல் படியில் ஏறின பிறகு தடுத்தவர்கள் பட்ட பாடு

மன்னார்குடியில் மீத்தேனுக்கு 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராக நடந்தார் நம்மாழ்வார் ஐயா. அந்தப் போராட்டக் களத்திலேயே 2013 டிசம்பர் 30-ல் கண்ணை மூடினார். மாநில அரசு அந்தத் திட்டத்துக்குத் தடை போட்டது 2015-ல். ஐந்து வருஷம் ஆச்சு!

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல். அந்தப் பகுதியில் ஆய்வும் சோதனைக் கிணறும் முன்பே முடிந்து, ஜனங்கள் மறந்தே போயிருந்தார்கள். 2017 பிப்ரவரி 15-ல் மத்திய அமைச்சரவைக் குழு அனுமதி கொடுத்த செய்தி வந்தது. மறுநாளே பெண்களும் பிள்ளைகளும் தெருவில் உட்கார்ந்தார்கள். முதல் கட்டமே 22 நாள். அறுப்பு, நடவு, கூலி எல்லாம் போச்சு.

கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ல் வயலில் போன குழாய் உடைந்து எண்ணெய் பீறிட்டது. கலெக்டர் வரட்டும் என்று கேட்ட ஜனங்கள் மேல் தடியடி. கேட்டவர்கள் ஜெயிலில்.

மேற்கு மாவட்டங்களில் கெயில் குழாய். 1962-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நிலத்தை வாங்க மாட்டார்கள். 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பட்டா நம் பெயரில், வரி நாம் கட்ட வேண்டும். ஆனால் குழாய் போகிற பட்டையில் தென்னை வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது. மாநில அரசே எதிர்த்தும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு சொன்னது.

பாடம் என்ன? மேல் படிக்குப் போகப் போகச் சட்டம் அவன் பக்கம் சாய்கிறது. நம் வாய்க்கு மதிப்பு இருப்பது முதல் படியில்தான். ஏன் என்றால் அப்போதுதான் அவனுக்கு நம் வரப்பில் கால் வைக்க வேண்டியிருக்கிறது. 'ஆய்வுதானே' என்று நாம் விட்டுவிடுகிற அந்த இடம்தான் நாம் நிற்க வேண்டிய இடம்!

அக்கா ஊருக்குச் சட்டம் உண்டு – மகள் ஊருக்கு இல்லை

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுப்பதற்கு மட்டுமில்லை, ஆய்வு செய்வதற்கே தடை என்று அதில் இருக்கிறது. ஆய்வும் ஆபத்தின் முதல் படிதான் என்பதை அரசாங்கமே சட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைத் தொடவில்லை என்பது அதில் ஒரு குறை.

இன்னொரு குறை நம்முடையது. அந்தச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் எங்கே? இல்லை! மரக்காணம் இல்லை! வானூர் இல்லை! வேதாந்தா வட்டாரம் ஆரம்பித்த ஊரே சட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. என் அக்கா கழனிக்கு வேலி போட்டாச்சு. என் மகள் கழனி திறந்து கிடக்கிறது.

அதே வருஷம் ஜனவரியில் மத்திய அரசு என்ன செய்தது? சுற்றுச்சூழல் விதியைத் திருத்தி, சோதனைக் கிணறு தோண்டுவதை 'பி2' பட்டியலுக்கு மாற்றியது. அதற்கு ஜனங்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டியதில்லை. வெடி சர்வேக்கோ சுற்றுச்சூழல் அனுமதிப் படலமே முன்பிருந்தே கிடையாது. ஆக, முதல் படிக்கும் கேள்வி இல்லை, சோதனைக் கிணற்றுக்கும் கேள்வி இல்லை.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று 2025-ல் ராமநாதபுரத்தில் பார்த்தோம். ஓ.என்.ஜி.சி. அங்கே 20 சோதனைக் கிணறு தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. ஜனங்களைக் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும், ஆகஸ்ட் மாதம் அமைச்சர் தங்கம் தென்னரசு 'அரசு ஒருபோதும் அனுமதிக்காது, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம்' என்று அறிவித்தார். நல்லது. ஆனால் ராமநாதபுரமும் வேளாண் மண்டலத்துக்கு வெளியே இருக்கிற மாவட்டம்தான். சட்டம் இருந்திருந்தால் கெஞ்ச வேண்டிய அவசியமே வந்திருக்காது. மந்திரி வாக்கு மந்திரி இருக்கிற வரைக்கும். சட்டம்தான் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும்.

"டீசல் மட்டும் வேணும், எண்ணெய் வேண்டாமா?"

டீக்கடையில் ஒரு வாத்தியார் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. நம் டிராக்டர் டீசலில்தான் ஓடுகிறது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. அதைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்குச் சண்டை இல்லை.

ஆனால் வாத்தியாரே, கணக்கை முழுசாகப் போடுங்கள். காரைக்காலில் 1964-லேயே காவிரிப் படுகையின் முதல் சோதனைக் கிணறு தோண்டினார்கள். 1980-களில் இருந்து நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கம் சுத்திகரிப்பு ஆலை 1993-ல் வந்தது. இத்தனை வருஷம் எடுத்தும் 85 பங்கு வெளியே இருந்துதான் வருகிறது. எண்ணெய் 30, 40 வருஷத்தில் வற்றும். வானூர் மணற்பாறைத் தண்ணி கெட்டால் எந்த வெளிநாட்டில் இருந்து கப்பலில் கொண்டுவருவீர்கள்? டீசல் இறக்குமதி செய்யலாம். நிலத்தடித் தண்ணியை இறக்குமதி செய்ய முடியுமா? சோறு இல்லாத ஊரில் டிராக்டர் எதற்கு?

வேலை கிடைக்கும் என்பார்கள். அக்கா ஊரில் கிடைத்தது. வாட்ச்மேன் வேலை, கொடி குத்துகிற வேலை. சர்வே முடிந்ததும் கொடி வேலையும் போச்சு.

சர்வே வண்டி வந்தால் என்ன செய்வது?

கம்பியை அறுக்காதீர்கள். கருவியைத் தூக்காதீர்கள். யார் மேலும் கை வைக்காதீர்கள். கேஸ் விழுவது நம் பிள்ளைகள் மேல். வரப்பில் வரிசையாக நில்லுங்கள். கேள்வி கேளுங்கள்.

1. யார் நீங்கள்? எந்தக் கம்பெனி? யார் கொடுத்த உரிமம்? எந்த வட்டாரம்? காகிதத்தைக் காட்டு, நகல் கொடு. வெடி என்றால் வெடிபொருள் லைசென்ஸ் எங்கே?

2. வி.ஏ.ஓ.வுக்கும் பஞ்சாயத்துக்கும் எழுத்து மூலம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் சொல்லிவிட்டு வா.

3. தமிழில் இல்லாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். 'இனி உரிமை கோரமாட்டேன்' என்ற வரி இருந்தால் தொடாதீர்கள். என் மாமா செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

4. உங்கள் கிணற்றுத் தண்ணி மட்டம், போர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது – தேதியோடு எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் நஷ்டம் என்று கேட்க அதுதான் ஆதாரம்.

5. எத்தனை துளை, எங்கே போட்டார்கள், எத்தனை மூடினார்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் எண்ணி எழுதட்டும்.

6. உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். மனுவைத் தாசில்தாரிடமும், கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுப்போம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுவோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரமாட்டோம்.

நமது கோரிக்கைகள்

தமிழக அரசே! விழுப்புரம் மாவட்டத்தின் வண்டல் பகுதிகளான மரக்காணம், வானூர் ஒன்றியங்களையும், சங்கராபரணிப் பாசனப் பகுதியையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்!

மரக்காணம் – கடலூர் வட்டாரத்துக்கு 2018-ல் போட்ட ஒப்பந்தத்தில் எந்தெந்தக் கிராமம், எந்தெந்த சர்வே நம்பர் அடங்கும் என்று வெள்ளை அறிக்கை கொடு!

மத்திய அரசே! 2020 ஜனவரித் திருத்தத்தை வாபஸ் வாங்கு! கருத்துக் கேட்பு இல்லாமல் ஒரு கிணறும் தோண்டாதே!

கிராம சபை ஒப்புதல் இல்லாமல் வெடி சர்வேக்கு எவனையும் அனுப்பாதே! எங்கள் நிலத்தில் எடுத்த தகவலை எங்கள் பஞ்சாயத்துக்குத் தமிழில் கொடு!

இதைத் தீர்மானமாக எழுதி, வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் நிறைவேற்ற வேண்டும். செஞ்சி வட்டத்து ஊர்களும் நிறைவேற்ற வேண்டும். பாறை ஊர்க்காரன் வண்டல் ஊர்க்காரனுக்காகக் கை தூக்க வேண்டும். ஆறு ஒன்று, தண்ணி ஒன்று, உறவு ஒன்று. கிராம சபைத் தீர்மானத்தை எவனும் மதிக்கமாட்டான் என்று சிலர் சொல்வார்கள். மதிக்கிறானோ இல்லையோ, நாளைக்குக் கோர்ட்டில் 'ஊர் அன்றைக்கே வேண்டாம் என்றது' என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டும். 1998-ல் என் மாமாவிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. அவன் கையில்தான் காகிதம் இருந்தது. இந்தத் தடவை காகிதம் நம் கையில் இருக்கட்டும்!

நம் கோட்டையை ஔரங்கசீப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. எட்டு வருஷம் தாக்குப் பிடித்தது மதில் உள்ளே போன பிறகு சண்டை போட்டதால் இல்லை. மதிலுக்கு வெளியிலேயே நிறுத்தியதால். நம் மதில் நம் வரப்பு. அங்கேயே நிறுத்துவோம்!

வரப்பு நம்முடையது! வாய் திறப்போம்!
பார்க்க வந்தவனிடம் காகிதம் கேட்போம்!
சங்கராபரணித் தண்ணீரைக் காப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், செஞ்சி வட்டம்

(படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். வானூர், மரக்காணம் பக்கத்து உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புங்கள்.)